சங்கரன்கோவில் ஆட்டுக்கறியில் ஒரு டாக்கோ

கேள்வி:



என் மகன் டெக்சாஸில் வேலை பார்க்கிறான். ஆடித்தபசுக்கு ஊருக்கு வருகிறான். போன் பேசும்போதெல்லாம் அங்கே மெக்சிகோக்காரர் கடையில் சாப்பிடும் டாக்கோவைப் பற்றித்தான் பேச்சு. கறி பஞ்சு மாதிரி பிரியுமாம், சிவப்பாக ஒரு சாறு தனியாகத் தருவார்களாம், ரொட்டியை அந்தச் சாற்றில் தோய்த்துச் சாப்பிடுவார்களாம். அவன் வந்ததும் வீட்டிலேயே செய்து கொடுக்க ஆசை. கொடியேறிவிட்டால் எங்கள் வீட்டில் கறி எடுக்க மாட்டோம். அதனால் திருவிழா முடிந்து வரும் ஞாயிற்றுக்கிழமைதான் நாள்.

போன வாரம் செய்து பார்த்தேன். எலும்பில்லாத தொடைக்கறி ஒரு கிலோ வாங்கி, மிளகாய்த்தூள், மல்லித்தூள், கறிமசால் போட்டு, பெரிய தீயில் குக்கரில் ஆறு விசில் விட்டேன். கறி ரப்பர் மாதிரி இழுத்தது. சாறு நம்ம ஊர் சால்னா வாசம்தான் அடித்தது. கடையில் கார்ன் ஃப்ளோர் வாங்கி ரொட்டி தட்டினால் கையிலேயே பசையாக ஒட்டிக்கொண்டது. பிறகு மக்காச்சோளத்தை மில்லில் திரித்துப் பிசைந்தேன், அது விளிம்பெல்லாம் விண்டு போனது. பக்கத்து வீட்டுப் பெண் டவுனிலிருந்து மொறுமொறுவென்று மடித்த ஓடு மாதிரி ஒரு பாக்கெட் வாங்கி வந்து இதுதான் டாக்கோ என்கிறாள். ஆட்டுக்கறியில் இதைச் செய்யவே கூடாதா? கூடும் என்றால் எங்கே தப்பு? என் மாமியார் சைவம். அவருக்கும் ஏதாவது சொல்லுங்கள்.

வாசகி, சங்கரன்கோவில்

பதில்:



உங்கள் மகன் ஆசைப்படுவது பிர்ரியா டாக்கோ. பிர்ரியா மெக்சிகோவின் மேற்கே உள்ள ஹலிஸ்கோ மாநிலத்தின் பதார்த்தம். அங்கே அது ஆட்டுக்கறியில்தான் தொடங்கியது. வத்தல் அரைத்த விழுதில் வெள்ளாட்டுக் கறியைப் புரட்டி ஊறவைத்து, பானை வாயை மக்காச்சோள மாவால் பூசி அடைத்து, மணிக்கணக்கில் வேகவிடுவார்கள். பிரியாணிக்குப் பேர்போன ஊரில் இருக்கிற உங்களுக்குத் தம் போடுவதைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. மாட்டுக்கறியில் செய்வது எல்லை நகரமான டிஹுவானாவின் கடைகளில் பரவி, லாஸ் ஏஞ்சலிஸ் போய், கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அமெரிக்கா முழுக்கப் பேர் வாங்கியது. ஆகவே ஆட்டுக்கறியில் செய்வது மாற்று ஏற்பாடு இல்லை. அதுதான் மூலம். வெள்ளாட்டுக்குக் கரிசல் சீமையைவிட நல்ல இடம் எது? கன்னி ஆடும் கொடி ஆடும் உங்கள் பக்கத்து இனங்கள்தானே.

பாக்கெட்டில் வருகிற மொறுமொறு ஓட்டை விட்டுவிடுங்கள். அது அமெரிக்கத் துரித உணவுக் கடைகள் ஊரெங்கும் பரப்பியது. 1962இல் கலிபோர்னியாவில் தொடங்கிய டாக்கோ பெல் அதற்குப் பெரிய காரணம். அதே நிறுவனம் 2010இல் பெங்களூரில் கடை திறந்தபோதுதான் நம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் டாக்கோ என்ற பெயரையே கேட்டார்கள். அந்த ஓட்டுக்குள் சாறு ஊறிய கறியை வைத்தால் இரண்டே நிமிடத்தில் நொறுங்கிக் கையில் வழியும். பிர்ரியாவுக்கு வேண்டியது மெத்தென்று மடங்குகிற டோர்ட்டியா.

முதலில் கறி. தொடைக்கறி வாங்கியது ஒரு தவறு, எலும்பை எடுக்கச் சொன்னது இன்னொன்று. தொடையில் சவ்வு குறைவு. நெடுநேரம் வேகவைத்தால் அது நார் நாராக வறண்டு போகும். நமக்கு வேண்டியது ஆடு நடக்கும்போதும் மேயும்போதும் ஓயாமல் உழைக்கிற பாகங்கள்: முன்னங்கால் சப்பை, கழுத்து, நல்லி எலும்போடு கீழ்க்கால், கொஞ்சம் நெஞ்செலும்பு. அங்கேதான் சவ்வும் கொழுப்பும் அதிகம். அந்தச் சவ்வில் இருக்கும் கொலாஜன் என்ற புரதம் 70 டிகிரிக்கு மேல் நெடுநேரம் ஈரச்சூட்டில் இருந்தால் கரைந்து ஜெலட்டின் ஆகும். கறி பஞ்சாகப் பிரிவதும் சாறு உதட்டில் ஒட்டுவதும் அதனால்தான். கறிக்கடைக்காரரிடம் பிரியாணிக்குக் கேட்கிற மாதிரி இளங்கிடாவாகக் கேட்காதீர்கள். கொஞ்சம் முற்றியதாகவே கொடுக்கச் சொல்லுங்கள். முற்றின ஆட்டில்தான் இந்தச் சாறு கனக்கும். துண்டும் பெரிதாக, உள்ளங்கை அளவுக்கு இருக்கட்டும். ஐந்து பேருக்கு எலும்போடு ஒன்றேகால் கிலோ போதும்.

விசிலை எண்ணுவதை இந்தச் சமையலுக்கு மறந்துவிடுங்கள். பெரிய தீயில் ஆறு விசில் பத்து நிமிடத்தில் வந்துவிடும். கறித்தசை அதற்குள் சுருங்கி நீரைக் கக்கிவிடும், சவ்வு கரைய மட்டும் நேரம் இருக்காது. நீங்கள் சொன்ன ரப்பர் இழுவை அதுதான். குக்கருக்குள் சூடு ஏறத்தாழ 120 டிகிரி. முதல் விசில் வந்ததும் தீயைச் சிம்மில் வைத்து, கடிகாரத்தைப் பார்த்து 35 நிமிடம் விடுங்கள். ஆவி தானாக அடங்கட்டும், வெயிட்டைத் தூக்கி விடாதீர்கள். மூடியைத் திறந்தபின் இன்னும் 20 நிமிடம் சிறுதீயில் கொதித்தால் சாறு திரளும். நேரம் இருந்தால் குக்கரே வேண்டாம். அடிகனமான பாத்திரத்தில் மூடிபோட்டு மூன்று மணி நேரம் விடுங்கள், ருசி இன்னும் ஒரு படி மேல். தண்ணீர் கறியின் முக்கால் உயரத்துக்கு நின்றால் போதும். கறி மூழ்கும் அளவு ஊற்றினால் சாறு நீர்த்துப்போகும்.

அடுத்தது வத்தல். சால்னா வாசம் வந்ததற்குக் காரணம் உங்கள் கைப்பக்குவம் அல்ல, மல்லித்தூளும் கறிமசாலும். பிர்ரியாவின் சாறு தூளால் ஆனது இல்லை, முழு வத்தலின் சதையால் ஆனது. மெக்சிகோவில் குவாஹியோ, ஆஞ்சோ என்று வத்தல் வகைகள் உண்டு. அவற்றில் காரம் குறைவு, சதை அதிகம், நிறம் அடர்த்தி, லேசாக உலர்திராட்சை மணம் இருக்கும். அவற்றைத் தேடி அலைய வேண்டாம். கர்நாடகத்தின் பேடகி வத்தல் இப்போது பெரிய மளிகைக்கடைகளில் கிடைக்கிறது. நல்ல சிவப்பு, காரம் குறைவு, தோல் சுருக்கம் சுருக்கமாக இருக்கும். அதில் பதினைந்து எடுங்கள். காரத்துக்கு நம் குண்டு வத்தல் நான்கு. ராமநாதபுரம் முண்டு வத்தலுக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது கிடைத்தால் மிகவும் நல்லது, அதன் தடித்த தோலிலிருந்து விழுது நிறைய வரும். நீள சம்பா வத்தலை மட்டும் போட்டால் காரம் ஏறிவிடும், சாறு கனக்காது.

காம்பையும் விதையையும் நீக்கி, வத்தலைச் சூடான தோசைக்கல்லில் மணம் வரும் வரை மட்டும் புரட்டுங்கள். கருகினால் கசக்கும், அந்தக் கசப்பை அப்புறம் எதனாலும் மறைக்க முடியாது. வெந்நீரில் 20 நிமிடம் ஊறட்டும். அதே கல்லில் நான்கு நாட்டுத்தக்காளி, ஒரு பல்லாரி, தோலோடு எட்டுப் பல் பூண்டு இவற்றை அங்கங்கே கருப்புத் தட்டும் வரை சுட்டுப் பூண்டை உரித்துக்கொள்ளுங்கள். இவற்றோடு ஒரு கரண்டி சீரகம், அரைக் கரண்டி மிளகு, மூன்று கிராம்பு, சுண்டுவிரல் நீளம் பட்டை, இரண்டு மேசைக்கரண்டி வினிகர், உப்பு சேர்த்து வெண்ணெயாக அரைத்து, வடிகட்டியில் தேய்த்து இறக்குங்கள். வத்தல் தோல் சாற்றில் மிதந்தால் நாக்கில் உறுத்தும். அதனால் வடிகட்டும் வேலையைத் தவிர்க்காதீர்கள். உலர்திராட்சை ஏழெட்டு சேர்த்து அரைத்தால் ஆஞ்சோவின் இனிப்பு கொஞ்சம் வந்து சேரும்.

பட்டையைப் பற்றி ஒரு சொல். தடித்த முரட்டுப் பட்டையைப் போடாதீர்கள், அது இந்தச் சாற்றை அடித்துவிடும். காகிதம்போல் மெல்லியதாகச் சுருண்டிருக்கும் இலங்கைப் பட்டையைக் கேட்டு வாங்குங்கள். உலகத்தில் இலங்கைப் பட்டையை மிக அதிகமாக வாங்கும் நாடு மெக்சிகோதான். அவர்கள் காபியிலும் சாக்லேட்டிலும் கறியிலும் போடுவது அந்தப் பட்டையை. நம் கடலுக்கு அப்பால் விளைகிற பொருள் இத்தனை தொலைவு போய் அவர்கள் வீட்டு ருசியாகிவிட்டது என்பதை நினைக்கும்போது எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி. இந்தத் தட்டில் அப்படிப் போய்ச் சேர்ந்தவை ஏராளம். வத்தலும் தக்காளியும் மக்காச்சோளமும் அமெரிக்கக் கண்டத்துச் சொத்து. ஆடு, வெங்காயம், பூண்டு, சீரகம், மல்லி, எலுமிச்சை ஆகியவை ஸ்பானியர்களின் கப்பலில் போனவை. 1565 முதல் 1815 வரை மணிலாவுக்கும் அகபுல்கோவுக்கும் ஆண்டுதோறும் கப்பல் ஓடியது, அதிலும் ஆசியச் சரக்கு போனது. எலுமிச்சையைக் கேட்டால், அவர்கள் டாக்கோவில் பிழிகிற சின்னப் பழமும் புளியங்குடிச் சந்தைக்கு மூட்டை மூட்டையாக வருகிற பழமும் ஒரே இனம். அதற்காக எந்தச் சமரசமும் நீங்கள் செய்ய வேண்டியதில்லை.

ஒன்றே ஒன்று மட்டும் நம் கடையில் கிடைப்பது அரிது. மெக்சிகோ ஒரிகானோ என்ற காய்ந்த இலை. அதற்கு உங்கள் வாசலிலேயே ஆள் இருக்கலாம். ஓமவல்லி. இரண்டு இலையை நிழலில் காயவைத்து நொறுக்கிப் போடுங்கள், மணம் கிட்டத்தட்ட அதே பக்கம்தான் போகும். பச்சையாகப் போட்டால் மருந்து நெடி அடிக்கும்.

தேங்காய், கறிவேப்பிலை, மஞ்சள், மல்லித்தூள், சோம்பு எதுவும் வேண்டாம். கை போய்த் தேடும், தெரியும். கசகசாவும் தேங்காயும் அரைத்துவிட்டால் அருமையான கறிக்குழம்பு கிடைக்கும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பையன் கேட்டது அது இல்லையே. இந்தச் சாற்றில் வத்தல் முன்னே நிற்கும், ஆட்டின் வாசம் அதற்குப் பின்னே நிற்கும், மற்றதெல்லாம் யார் என்று தெரியாமல் அடங்கியிருக்க வேண்டும்.

அரைத்த விழுதில் முக்கால் பங்கைக் கறியில் புரட்டி மூன்று மணி நேரம் ஊறவையுங்கள். பிறகு கொஞ்சம் எண்ணெயில் மீதி விழுதை ஊற்றி, நிறம் மங்கி எண்ணெய் பிரியும் வரை கிளறி, ஊறிய கறியையும் தண்ணீரையும் சேர்த்து வேகவிடுங்கள்.

இனி மாவு. உங்கள் கடிதத்தில் என் மனம் அதிகம் நின்றது இதில்தான். நீங்கள் செய்ததில் பிழை ஒன்றுமில்லை, ஒரு பொருள் மட்டும் விட்டுப்போயிருக்கிறது. அது உங்கள் வீட்டு வெற்றிலைச் செல்லத்தில் இருக்கிறது: சுண்ணாம்பு.

கார்ன் ஃப்ளோர் என்று வெள்ளையாக விற்பது மக்காச்சோளத்தின் மாச்சத்து மட்டுமே. சூப்பைத் திரளவைக்க உதவும், ரொட்டிக்கு ஆகாது. மில்லில் திரித்த மஞ்சள் மாவு முழுத்தானியம்தான். ஆனால் கோதுமையில் இருக்கிற குளூட்டன் மக்காச்சோளத்தில் இல்லை, அதனால் அது தானாகச் சேர்ந்து பிடிக்காது. மெக்சிகோ மக்கள் இதற்கு 3000 ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு வழி வைத்திருக்கிறார்கள். மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, இரவு முழுக்க ஊறவைத்து, கழுவி அரைப்பார்கள். சுண்ணாம்பின் காரத்தன்மை மணியின் தோலைக் கரைக்கிறது, உள்ளே உள்ள பசைப்பொருளை இளக்குகிறது, மாச்சத்தும் பாதி வெந்து நிற்கிறது. அப்படி அரைத்த மாவு கையில் வளையும், தட்டினால் விண்டுபோகாது, சுட்டால் தனி மணம் வரும். அந்த மணத்தைப் பையன் வாசலில் நுழையும்போதே கண்டுபிடித்துவிடுவான்.

சுண்ணாம்பு செய்கிற வேலை ரொட்டியோடு நிற்கவில்லை. மக்காச்சோளத்தில் நயாசின் என்ற வைட்டமின் இருந்தும் அது நம் குடல் உறிஞ்ச முடியாதபடி கட்டுண்டு கிடக்கிறது. சுண்ணாம்பு அதை அவிழ்த்துவிடுகிறது. கப்பல்காரர்கள் தானியத்தை மட்டும் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள், இந்தப் பக்குவத்தை விட்டுவிட்டார்கள். மக்காச்சோளமே முழு ஆகாரம் என்று வாழ்ந்த ஏழைகளுக்குத் தோல் வெடித்து, வயிறு கழிந்து, புத்தி பேதலித்தது. பெலக்ரா என்ற அந்த நோயை ஸ்பெயினில் காஸ்பர் காசல் 1735இல் விவரித்தார். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஆயிரக்கணக்கானோர் இறந்தபிறகு, ஜோசப் கோல்ட்பெர்கர் என்ற மருத்துவர் 1914 முதல் ஆராய்ந்து, இது தொற்றுநோய் இல்லை, உணவுக்குறைவு என்று காட்டினார். நம் தக்காணத்தில் சோளம் மட்டுமே உண்ட மக்களிடமும் பெலக்ரா வந்தது. அதை ஆராய்ந்தவர்களில் முதன்மையானவர் சேலத்தில் பிறந்த மருத்துவர் சி. கோபாலன். ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தை வளர்த்தவர் அவர். மெக்சிகோவின் தாய்மார்கள் வைட்டமின் என்ற பெயர் பிறப்பதற்கு முன்பே தலைமுறை தலைமுறையாகக் கைவசம் வைத்திருந்த அறிவு இது. அதை வெறும் சமையல் சடங்கு என்று ஒதுக்கினவர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை.

மக்காச்சோளத்துக்கும் நமக்கும் நடுவே இன்னொரு உறவும் உண்டு. வார்தாவில் 1884இல் பிறந்த பாண்டுரங்க கான்கோஜே, ஆங்கிலேயரை எதிர்த்த கதர் கட்சிப் புரட்சியாளர். ஆங்கிலேயர் ஆட்சியில் நாடு திரும்ப வழியில்லாமல் மெக்சிகோ போனவர், அங்கே சாப்பிங்கோ வேளாண்மைப் பள்ளியில் ஆசிரியராகி, மக்காச்சோள ரகங்களை மேம்படுத்தும் ஆராய்ச்சியில் இறங்கினார். ஓவியர் டியேகோ ரிவேரா மெக்சிகோ நகரத்துக் கல்வி அமைச்சகச் சுவரில், உணவு பகிரும் காட்சி ஒன்றில் அவரையும் வரைந்து வைத்திருக்கிறார். டோர்ட்டியா தட்டும்போது பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு நல்ல கதை.

செய்முறைக்கு வருகிறேன். உங்கள் பக்கத்துக் கரிசலில் மக்காச்சோளம் ஏராளமாக விளைகிறது, பெரும்பாலும் கோழித்தீவனத்துக்குப் போகிறது. விவசாயியிடமோ தானியக்கடையிலோ நன்கு காய்ந்த முழுமணி அரைக் கிலோ வாங்குங்கள். விதைக்கென்று விற்பதை வாங்கவே கூடாது, அதில் மருந்து கலந்திருக்கும். சாயம் பூசியது போல் தெரியும் மணி அதுதான். பூசணம் பிடித்தது, கருத்தது, சொத்தை எல்லாவற்றையும் பொறுக்கி எறியுங்கள். பாப்கார்ன் சோளமும் ஸ்வீட் கார்னும் இதற்கு உதவாது.

சுண்ணாம்பு வெற்றிலைக்குப் போடும் தூய வெள்ளைச் சுண்ணாம்பாக இருக்கட்டும். வாசனையோ நிறமோ சேர்த்தது கூடாது. வெள்ளையடிக்க வாங்கும் சுண்ணாம்பில் நீலமும் பசையும் கலப்பார்கள், அது சமையலுக்கு ஆகாது. நீற்றாத கல்சுண்ணாம்பின் பக்கமே போகாதீர்கள், தண்ணீர் பட்டதும் கொதித்துத் தெறிக்கும். பாத்திரம் எவர்சில்வர்தான். அலுமினியத்தைச் சுண்ணாம்பு அரித்துவிடும். ஒன்றரை லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சுண்ணாம்புப் பசையைக் கரைத்து, கழுவிய மக்காச்சோளத்தைப் போட்டுச் சிறுதீயில் 40 நிமிடம் கொதிக்கவிடுங்கள். மணி சட்டென்று அடர் மஞ்சளாக மாறும், பயப்பட வேண்டாம். விரலால் தேய்த்தால் தோல் வழுக்கிக்கொண்டு வர வேண்டும், கடித்தால் நடுவில் லேசாக நறுக்கென்று இருக்க வேண்டும். அதுதான் பதம். அடுப்பை அணைத்து மூடி, இரவு முழுக்க அப்படியே விடுங்கள்.

காலையில் மூன்று நான்கு தண்ணீர் மாற்றி, உள்ளங்கையால் தேய்த்துக் கழுவுங்கள். சுண்ணாம்புச் சுவை போய்விடும். தோல் கொஞ்சம் ஒட்டியிருந்தால் பரவாயில்லை, மாவு பிடிக்க அது உதவும்.

அரைப்பதுதான் சிரமமான இடம். கிரைண்டரில் இட்லிக்கு ஊற்றுகிற மாதிரி தண்ணீர் விட்டால் தோசைமாவு ஆகிவிடும், ரொட்டி தட்ட முடியாது. மெக்சிகோவில் இதற்கு மெட்டாட்டே என்ற சாய்ந்த கல்லும் குழவியும் வைத்திருக்கிறார்கள். பார்த்தால் நம் அம்மிதான். உங்கள் வீட்டில் அம்மி இருந்தால் இந்த ஒரு நாள் அதைக் கழுவி எடுங்கள். மிக்ஸியில் பல்ஸ் பொத்தானை அழுத்தி அழுத்தி, தண்ணீரைத் தெளித்து மட்டும், ரவை பதத்துக்கு உடைத்துக்கொண்டு, பிறகு அம்மியில் கைப்பிடி கைப்பிடியாக இழுத்து அரையுங்கள். அம்மி இல்லையென்றால் டேபிள்டாப் கிரைண்டரில் சிறுகச் சிறுகப் போட்டு, ஒட்டுவதைத் தள்ளிவிட்டுக்கொண்டே அரையுங்கள். மாவு இளகிவிட்டால் நீங்கள் ஏற்கெனவே மில்லில் திரித்து வைத்திருக்கிற மஞ்சள் மாவைக் கொஞ்சம் தூவிப் பிசையுங்கள். அதையும் வீணாக்க வேண்டாம்.

உப்புப் போட்டுப் பிசைந்து ஈரத்துணி மூடி 20 நிமிடம் விடுங்கள். சின்ன உருண்டை ஒன்றை இரண்டு விரலால் அழுத்திப் பாருங்கள். விளிம்பு விண்டால் இன்னும் கொஞ்சம் தண்ணீர் கேட்கிறது. கையில் ஒட்டினால் தண்ணீர் அதிகம். எலுமிச்சம்பழத்தைவிடச் சிறிய உருண்டைகளாக ஏறத்தாழ முப்பது வரும். பால் கவரை இரண்டாக வெட்டிக் கழுவி, நடுவே உருண்டையை வைத்து, பூரி பிரஸ்ஸிலோ கனமான தட்டாலோ அழுத்துங்கள். அதிரசம் தட்டிய கைக்கு இது கஷ்டமே இல்லை. தோசைக்கல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், எண்ணெய் வேண்டாம். முதல் பக்கம் 20 விநாடி, மறுபக்கம் ஒரு நிமிடம், மறுபடி திருப்பி லேசாக அழுத்தினால் உப்பும். சுட்டதைத் துணியில் சுற்றி ஹாட்பாக்ஸில் அடுக்கி மூடுங்கள். அந்த ஆவியில் பத்து நிமிடம் இருந்தால்தான் அது மெத்தென்று மடங்கும்.

இவ்வளவு வேலைக்கு அன்றைக்கு நேரம் அமையாவிட்டால் மெல்லிய சப்பாத்தி போடுங்கள், அதில் குறை ஒன்றும் இல்லை. வடமெக்சிகோவின் சொனோரா பக்கம் கோதுமை டோர்ட்டியாதான் வழக்கம். கலிபோர்னியாவில் யூபா சிட்டி, இம்பீரியல் பள்ளத்தாக்கு ஊர்களில் சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் குடியேறிய பஞ்சாபி விவசாயிகள், குடியேற்றச் சட்டத்தால் ஊரிலிருந்து பெண் அழைத்துவர முடியாமல், மெக்சிகோ பெண்களை மணந்து குடும்பம் நடத்தினார்கள். அந்த வீடுகளில் சப்பாத்தியும் டோர்ட்டியாவும் ஒரே அடுப்பில் சுடப்பட்டன. ஆனாலும் பையனுக்காக ஒரு முறையாவது சுண்ணாம்பு மாவில் செய்யுங்கள் என்பதுதான் என் விருப்பம்.

பரிமாறும் நாளைக்கு ஒரு ஒழுங்கு சொல்கிறேன். சனிக்கிழமை இரவே மக்காச்சோளத்தை வேகவைத்து ஊறப்போடுங்கள். ஞாயிறு காலை கறி வாங்கி விழுதில் ஊறவைத்து, மதியம் வேகவையுங்கள். சாப்பாடு ராத்திரிக்கு. கறி சாற்றிலேயே ஆறட்டும். சூட்டோடு வெளியே எடுத்து வைத்தால் வறளும். ஆறியதும் மேலே சிவப்பாகக் கொழுப்பு மிதக்கும். அதைக் கரண்டியால் அள்ளித் தனிக்கிண்ணத்தில் வையுங்கள். இந்தச் சமையலின் உயிர் அந்தக் கிண்ணம். எலும்பிலிருந்து கறியைக் கையால் பிரித்து, கத்தியால் லேசாகக் கொத்திக்கொள்ளுங்கள். சாற்றை மறுபடி சுடவைத்து, உப்புப் பார்த்து, டம்ளரில் ஊற்றிக் கொடுக்கத் தயாராக வையுங்கள்.

சாப்பிட உட்கார்ந்தபிறகுதான் டாக்கோ சேர வேண்டும். டோர்ட்டியாவின் ஒரு பக்கத்தை அந்தச் சிவப்புக் கொழுப்பில் தொட்டு, தோசைக்கல்லில் போட்டு, பாதியில் கறியை வைத்து மடித்து, இருபக்கமும் மொறுகும்வரை புரட்டுங்கள். பொடியாக நறுக்கிய பச்சைப் பல்லாரி, மல்லித்தழை, எலுமிச்சைச் சாறு, அவ்வளவுதான். சீஸ் வைப்பது டிஹுவானாவின் மாட்டுக்கறிக் கடைகளிலிருந்து வந்த பழக்கம். பையன் கேட்டால் மொசரெல்லா கொஞ்சம் வையுங்கள். என்னைக் கேட்டால் நல்ல ஆட்டுக்கறிக்கு அது தேவையில்லை, வத்தலின் ருசியை அது மூடிவிடுகிறது. மடித்ததைச் சாற்றில் தோய்த்துத் தோய்த்து அவன் சாப்பிடட்டும்.

மறுநாளைக்குச் சாறு மிஞ்சினால் குளிர்பெட்டியில் வையுங்கள், பாகுபோல் உறைந்திருந்தால் கறியை நீங்கள் சரியான பாகத்தில் வாங்கியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். தோசைக்கும் இடியாப்பத்துக்கும் அருமையாக இருக்கும்.

மாமியாருக்குத் தட்டாம்பயறு செய்யலாம். மெக்சிகோவில் பயறு இல்லாத வீட்டுச் சாப்பாடு கிடையாது, அதனால் அவருக்குத் தருவதும் அந்த மண்ணின் முறையே. வத்தல் விழுதைக் கறியில் சேர்க்கும் முன்பே ஒரு கிண்ணம் தனியே எடுத்து வையுங்கள். ஊறவைத்து வேகவைத்த பயறைப் பாதி மசித்து, நல்லெண்ணெயில் அந்த விழுதை வதக்கி, பயறைக் கொட்டி, கரண்டியில் நிற்கிற பதத்துக்குச் சுண்டவையுங்கள். பச்சை வெங்காயம் அவருக்கு ஆகாது என்றால் வெள்ளரிக்காயைப் பொடியாக நறுக்கி உப்பும் எலுமிச்சையும் கலந்து மேலே தூவுங்கள். டோர்ட்டியா மாவில் கறிச் சம்பந்தம் எதுவும் இல்லை. ஆகவே தோசைக்கல்லில் முதலில் அவருக்குச் சுட்டுக் கொடுத்துவிட்டு, அதன்பிறகு ஆட்டுக்கொழுப்புக் கிண்ணத்தை அடுப்புப் பக்கம் கொண்டுவாருங்கள்.